புகையில் இறுகிய கல்

திருவண்ணாமலைப் பக்கம் புகையைப் பார்த்துத் திட்டியவர்கள் ஏராளம். புகையைப் பார்த்து "வீணாப் போவுதே" என்று வயிறெரிந்தவர் ஒருவர்தான். கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலையில் பாய்லர் ஓட்டிய புகையண்ணன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். நான் அங்கே எடைமேடையில் வேலை பார்த்தேன்.

உமி எரிந்த புகை வானத்துக்குப் போனால், அடுப்பில் பால் பொங்கி வழிவதுபோல் பதறுவார். "அதுல இருக்கிற கரியமில வாயுவ புடிச்சா பொருளாக்கலாம்யா" என்பார். போனில் எதையோ படித்துவிட்டு முதலில் பாசி வளர்த்தார். குழாய் போட்டுப் புகையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டார். பத்தே நாளில் தொட்டி பச்சைப் பசேல். "இதவிட சத்து கெடையாது" என்று முதலாளியின் பசுவிடம் நீட்டினார். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இன்னா, பயமா?" என்று பசுவைக் கேட்டுவிட்டு, தானே ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் லீவு.

திரும்பி வந்தவர் கல்லுக்குத் தாவினார். வெல்டிங் பட்டறையில் கேஸுக்காகக் கார்பைடு கரைத்தபின் வெளியே கொட்டும் சுண்ணாம்புச் சேறு, ஆலையின் உமிச் சாம்பல், இரண்டையும் பிசைந்து அச்சில் அடித்தார். மூடிய டிரம்மில் அடுக்கி, உள்ளே புகையைச் செலுத்தினார். சுண்ணாம்பு அந்த வாயுவைக் குடித்துக் கல்லாக இறுகும் என்றார். இறுகியதோ இல்லையோ, டிரம் ஏற்காத புகை முழுவதும் ஆபீசுக்குள் வந்தது. முதலாளி இருமிக்கொண்டே ஓடி வந்தார்.

"யோவ், வேல செய்ய வந்தியா, என்ன சாவடிக்க வந்தியா? வெள்ளிக்கிழமைக்குள்ள இத எடுக்கலனா நீயும் கூடவே கெளம்பிடு."

"வெள்ளிக்கிழம நெல்லு லாரிய இதும்மேல ஏத்துங்க மொதலாளி. ஒடஞ்சா நானே போயிடறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய இரண்டு மகள்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆலை வாசலில் இருந்த சேற்றுப் பள்ளத்தில் கற்களைப் பதித்தார். லாரி ஏறியது. புகையண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். லாரி இறங்கியதும் முதலாளி குனிந்து பார்த்தார்.

"மூலையில ஒன்னு ஒடஞ்சிருக்குதே?"

"அது அவசரத்துல சீக்கிரம் எடுத்துட்டது மொதலாளி. இன்னும் புகை குடிக்கணும்."

முதலாளி மற்ற கற்களை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். "ஒரு ஃபேன் வாங்கி மாட்டி, புகைய டிரம்முக்குள்ளயே தள்ளு. என் ரூமுக்கு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு அவ்வளவுதான். புகையண்ணன் அன்றைக்கு இரண்டு சாப்பாடு சாப்பிட்டார்.

இப்போது நான் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கிறேன். போன மழையில் என் மனைவி வாசல் சேற்றில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்தது. யார் சொன்னார்களோ, ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவில் கற்களோடு வந்து இறங்கினார் புகையண்ணன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசல் கேட்டிலிருந்து படிவரை கற்களைப் பதித்து, மட்டம் பார்த்தார்.

"தங்கச்சிய தைரியமா நடக்கச் சொல்லு தம்பி. புகை ஜாஸ்தி ஏத்தின கல்லு, அசையாது."

டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார். ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாதையில் ஒருமுறை நடந்தேன்.