பதவிக்காக ஒளிந்தவர்

பதவிக்காக நின்றவர்களை எனக்குத் தெரியும். அலைந்தவர்களைத் தெரியும். காலில் விழுந்து அப்படியே தவழ்ந்து போனவர்களையும் தெரியும். ஆனால் பதவிக்காக ஒளிந்துகொண்டவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் திருத்தணியில் இருந்தார்.

பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்திருந்தார். ஷாமியானா, நாற்காலி, ஜமக்காளம், அண்டா, கரண்டி. எங்கள் தேவாலயச் சபையின் அறுப்பின் பண்டிகை விருந்துக்கும் அவர் அண்டாதான், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களின் அன்னதானத்துக்கும் அவர் அண்டாதான். "சோத்துக்கு இன்னாபா மதம்?" என்பார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் தளவாடம் அண்ணன்.

அந்தப் பெயரைக் கொடுத்தவன் சவுல் ராஜா. சவுலை ராஜாவாகத் தேர்ந்தெடுத்த நாளில் ஆளையே காணோம், தேடிப் பார்த்தால் தளவாடச் சாமான்களுக்கு நடுவில் ஒளிந்திருந்தான் என்று வேதத்தில் வருகிறதல்லவா, அந்த ஒரு கதை அண்ணனைப் பிடித்துக்கொண்டது.

"தலைவன்னா இப்டி இருக்கணும்பா. ஓட்டு கேட்டுக்கினு வூடு வூடா போறவன் தலைவனா? ஒளிஞ்சிக்கினு இருக்கணும். ஜனங்க தேடிக்கினு வந்து இழுத்துக்கினு போவணும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். சங்கடம் என்னவென்றால், சபைச் செயலாளர் ஆக வேண்டும் என்று அண்ணனுக்குக் கொள்ளை ஆசை. ஆகவே கமிட்டித் தேர்தல் வரும்போதெல்லாம் ஆலயத்தில் பாத்திரம் பண்டம் வைக்கும் பின்னறையில் போய் ஒளிந்துகொள்வார். ஒளிவதற்கு முன் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிவிடுவார்: "பெரிய அண்டாவுக்குப் பின்னாடிதான் இருப்பேன். தெரிஞ்ச எடந்தானேன்னு தேடாம வுட்றாதீங்க."

யாரும் தேடவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது, சட்டையெல்லாம் கரியோடு வெளியே வருவார். "கரண்டி எண்ணிக்கினு இருந்தேன். யாரு ஜெயிச்சாங்க?" என்று கேட்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

ஒரு தேர்தலில், தேடுகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று உள்ளேயிருந்து ஒரு கரண்டியைக் கீழே போட்டார். "பூனை பூந்துடுச்சி" என்று யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். மதிய விருந்துக்கு அண்டாவைத் தேடி வந்தவர்கள்தான் கடைசியில் அண்ணனைக் கண்டுபிடித்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் அவர் மனைவி எஸ்தர் அக்கா வேதத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

"ராஜாவாக்குன வரைக்கும் படிச்சியே, அதுக்கப்புறம் இன்னா ஆச்சின்னு படிச்சியா?"

"அதான் ராஜாவாயிட்டானே?"

"படி."

அண்ணன் படித்தார். சவுலுக்குப் பொறாமை வந்தது, யாழ் வாசித்த பிள்ளை மேல் ஈட்டியை எறிந்தது, கடைசியில் தன் வாளின் மேல் தானே விழுந்து செத்தது, எல்லாம் படித்தார். அக்கா ஒரே வரியில் முடித்தார்: "ஒளிஞ்சிக்கினு இருந்த வரைக்கும் நல்லவன். வெளியே வந்தப்புறந்தான் கெட்டான்." அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த தேர்தலில் எங்கள் சபை இரண்டாகப் பிளந்தது. பெரிய வேத விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆலயத்து கேட்டுக்குப் பச்சை அடிப்பதா, நீலம் அடிப்பதா என்பதுதான். நீலம் பரலோகத்தின் நிறம் என்றது ஸ்டேஷன் பக்கத்துக் கட்சி. கர்த்தர் நம்மை மேய்க்கிற புல்லுள்ள இடங்களை மறந்தீர்களா, அது பச்சைதானே என்றது பைபாஸ் கட்சி. அன்பே பிரதானம் என்று சுவரில் எழுதியிருந்த இடத்துக்கு நேர் கீழே நாற்காலிகள் உயர்ந்தன. நாற்காலி எல்லாம் அண்ணனுடையது.

சபையின் ஆயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தர சொல்லுங்க!" எந்தக் கட்சியிலும் சேராதவர் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பெயர் வந்தது. தளவாடம்.

ஓடினோம். வாழ்நாளிலேயே முதல் தடவையாக அண்டாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம். அண்ணன் அங்கே இல்லை.

அன்றைக்கு ஊரில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம்; அவர் அண்டா போயிருந்த பந்தல்களில் தேடக் கிளம்பினோம். மலையடிவாரம் முழுக்க மஞ்சள் வேட்டி, காவடி, அரோகரா. வெள்ளை அங்கியோடு ஆயர் முன்னால் போக, பின்னால் நாங்கள். பசித்து வந்தவர் என்று நினைத்து ஒரு அன்னதானப் பந்தலில் ஆயர் கையில் சாம்பார் சாதத் தட்டைக் கொடுத்தே விட்டார்கள். பந்தல் நடத்திய விவசாயி ஒருவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இன்னா நைனா, உங்க ஆளுங்கெல்லாம் உன்ன தேடிக்கினு வர்றாங்க!"

சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார் அண்ணன். இந்தத் தடவை நிஜமாகவே ஒளிந்திருந்தார்.

"வாணாம் ஆயரய்யா. நான் மீதியப் படிச்சிட்டேன்."

"என்ன மீதி?"

"சவுலு கத மீதி. பயமா கீதுங்க. நாற்காலி கெடச்சா நானும் ஈட்டிய எடுத்துடுவேன்."

ஆயர் தட்டைக் கீழே வைத்தார். "மீதியப் படிக்காதவங்கதான் அங்க நாற்காலியத் தூக்கிக்கினு நிக்கிறாங்க. படிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். எழுந்திருங்கண்ணே."

அண்ணன் அழுதார். சாம்பார் ஆவி என்று சொல்லிக்கொண்டார்.

செயலாளர் ஆனதும் அவர் போட்ட முதல் உத்தரவு, கமிட்டி கூட்டத்துக்கு நாற்காலி கிடையாது. "நின்னுக்கினே பேசுங்க. கால் வலிச்சா சமாதானம் தானா வரும்." வந்தது. ஷாமியானாக் கம்புக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டை அவரே கேட்டுக்கு அடித்துவிட்டார். இரண்டு கட்சிக்கும் சமமாகக் கோபம் வந்ததில் சபை ஒன்றுபட்டது. பதவிக்காலம் முடிந்ததும், யாரும் கேட்காமலே ஆலயத்துச் சாவியை ஆயர் மேஜையில் வைத்துவிட்டு அண்டா கழுவப் போய்விட்டார். எங்கள் சபையில் அப்படிப் போனவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அண்ணன் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார். கேட் இன்னும் சிவப்புதான். தேர்தல் மட்டும் மறுபடி பழைய மாதிரி, நோட்டீசும் வீடு வீடாக நடையுமாக நடக்கிறது. நானும் போகிறேன். ஆனால் ஓட்டுப் போடுவதற்கு முன் பின்னறைக்குப் போய், அந்தப் பெரிய அண்டாவுக்குப் பின்னால் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இருந்தால் இழுத்துக்கொண்டு வந்துவிடலாமே என்றுதான்.