சாங்ஷன் சார் அனுமதித்த ஐரோப்பா

டெல்லி சரோஜினி நகரை விட்டு நகராமலே ஐரோப்பாவின் ரயில்களை எல்லாம் ஓட்டிய ஒரே மனிதர் சாங்ஷன் சார்தான். வேறு யாரையாவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதற்கும் சாங்ஷன், அதாவது அனுமதி, வேண்டும் என்பதால் என் கடையில் வந்த பெயர் அது; நிஜப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அரசு அலுவலகத்தில் எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகை பில் பார்ப்பது அவர் வேலை. ஊழியர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வந்து நீட்டும் பில் உண்மையா, வீட்டிலேயே படுத்துக் கிடந்துவிட்டு எழுதியதா என்று கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருடமாக அதையே செய்தவர். "நீங்க எங்கெல்லாம் போயிருக்கீங்க சார்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஆக்ராவே இன்னும் பாக்கலம்மா" என்றார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். மார்க்கெட் பக்கம் நான் சின்னதாக ஒரு இன்டர்நெட் கடை வைத்திருந்தேன். மொத்தம் மூன்று கம்ப்யூட்டர்கள். அவர் மகள் வித்யா ஜெர்மனியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாள் படிப்பு, சனி ஞாயிறு ஓர் ஊர். இது அப்பா போட்ட ஆணை. "அங்க போயும் காகிதத்தையே பாத்துட்டு வந்தா, அவளும் என்னை மாதிரி ஆயிடுவா" என்பார்.

ஆனால் நினைத்தபடி கிளம்பிவிட முடியாது. எந்த ஊர், எந்த ரயில், அந்த வாரப் பாடங்களை முடித்தாயிற்றா என்று வியாழக்கிழமைக்குள் மெயிலில் விண்ணப்பம் வர வேண்டும். மறுநாள் மாலை இவர் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு வந்து சாங்ஷன் கொடுப்பார். திங்கட்கிழமை பயண ரிப்போர்ட் வந்தாக வேண்டும்.

கீபோர்டைத் தொடவே மாட்டார். ஆபீஸ் இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்ல, ஒன்பதாவது வரை படித்த நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவேன்.

"வெனிஸாம். என்ன காரணம் எழுதியிருக்கா பாரு. 'ஊரைப் பார்க்க.' இது ஒரு காரணமா? திருப்பி அனுப்பும்மா."

"பாக்கத்தானே சார் போறா?"

"அதை முறையா எழுதட்டும்."

போகும்போது ஒரு பாதை, வரும்போது வேறு பாதை என்றால் போச்சு. சுற்றுவழிக்கு அவர் சட்டத்தில் இடமில்லை. பின்னால் காத்திருக்கும் யாராவது "அங்கிள்ஜி, ஜல்தி" என்று முனகினால், திரும்பிக்கூடப் பார்க்காமல், "டெஹ்ரோ பையா, என் பொண்ணு ஆஸ்திரியா பார்டர்ல நிக்கறா!" என்று இந்தியும் தமிழுமாக அதட்டுவார். என்ன ஆபத்தோ என்று அந்த ஆளும் அடங்கிவிடுவார்.

ஒரு நாள் மதியம் கடைக்குப் போன் வந்தது. வித்யா.

"அக்கா, அப்பா இல்லையே அங்க?"

"இல்லம்மா."

"ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆயிட்டேன்க்கா. இன்னும் ஒரே சான்ஸ்தான். அதுவும் போச்சுன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு மாசமா சனி ஞாயிறெல்லாம் லைப்ரரிலதான் கெடக்கேன்."

"அப்போ அந்த ரிப்போர்ட் எல்லாம்?"

"டூரிஸ்ட் புஸ்தகத்தைப் பாத்து எழுதறேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. திங்கக்கிழமைக்காகவே காத்துக்கிட்டிருப்பார்."

எனக்குப் பொதுவாகவே பேச்சு வராது. அதனால் ரகசியம் காப்பது சுலபம் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை பிராக் நகரத்து ரிப்போர்ட் வந்தது. பாலம் அழகு, கோட்டை அழகு, மக்கள் அன்பானவர்கள். சாங்ஷன் சார் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"ஏம்மா, ரெண்டு மாசமா வர்ற ரிப்போர்ட்ல எங்கயாவது கால் வலிச்சுதுன்னு இருக்கா?"

"இல்ல சார்."

"நிஜமா ஊருக்குப் போனவன் குறை சொல்லாம வந்ததே இல்லம்மா. ரயில் லேட்டு, ரூம்ல தண்ணி வரல, செருப்பு போச்சும்பான். போகாதவன்தான் எல்லாம் அழகுன்னு எழுதுவான்."

நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "உனக்குத் தெரியும், இல்ல?" என்றார். சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "டைப் பண்ணு. பரீட்சை முடியற வரைக்கும் எல்லாப் பயணமும் ரத்து" என்றார். பாதி தட்டுவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம், அழிச்சிடு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அழுதுட்டு உக்காந்திருப்பா. படிப்பு ஓடாது. இப்படிப் போடு. பிராக் ரிப்போர்ட் ஏற்கப்பட்டது. இனிமே ரிப்போர்ட் ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது."

"ரெண்டே வரியா சார்?"

"பொய்யெழுத எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா உனக்கு? அந்த நேரத்துல ரெண்டு பாடம் படிப்பாளே."

அதன் பிறகு நான்கு மாதம், வெள்ளிதோறும் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் போகாத ஊர்களுக்கு ரயில், நேரம், பாதை எல்லாம் பார்த்து அனுமதி கொடுத்தார். திங்கட்கிழமை வரும் இரண்டு வரியைப் படித்துவிட்டு, "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

வித்யா தேறிவிட்டாள். அடுத்து வந்த திங்கட்கிழமை மெயில் மூன்று பக்கம். ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம், ரயில் தவறிவிட்டது, நாள் முழுக்க மழை, சூப்பில் ஒரே உப்பு. சாங்ஷன் சார் எழுந்து நின்று உரக்கப் படித்தார். "கொப்புளமாம்மா, கொப்புளம்!" என்று திரையில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

வாசல் வரை வரிசை நின்றது. "இந்தக் கிழவரை வெளியே அனுப்புங்கள்" என்று யாரோ இந்தியில் கத்தினார்கள். கடை திறந்த நாளிலிருந்து யாரிடமும் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு எழுந்துபோய் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"அவர் படிச்சு முடிக்கட்டும். அவசரம்னா வேற கடைக்குப் போங்க."