வராத டிஸ்க்குக்காகக் காத்திருந்த கம்ப்யூட்டர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது; சக்கரத்தையும் கண்டுபிடித்தது. இரண்டுக்குமே முறைப்படி கூட்டம் போடவில்லை. அதனால்தான் ஒன்று சுடுகிறது, மற்றது பஞ்சராகிறது. எங்கள் சான்றிதழ் அலுவலகம் அந்தத் தவறை ஒருநாளும் செய்ததில்லை.

அன்று காலை எங்கள் ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது. 'பேக்கப் டிஸ்க்குக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. ரூட் பாஸ்வேர்டு கொடுங்கள்' என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை முழுதாக வாசிப்பது யார் 'பொறுப்பு' என்று தெரியாததால், உடனே கூட்டம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தையல்கார அம்மா நின்றிருந்தார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

"இன்னிக்கு விட்டா இடம் போயிடும் சார். பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கா."

"உங்க விஷயமாத்தாம்மா கூட்டமே நடக்குது," என்றார் கண்காணிப்பாளர், டீயை உறிஞ்சியபடி.

விடுப்பில் குடும்பத்தோடு மலைவாசஸ்தலம் போயிருந்த இயக்குநர், போனிலேயே தலைமை வகித்தார். போனைப் பிடித்திருக்கும் பாக்கியம் எனக்கு.

"ரூட் கேக்குதுங்கய்யா."

"எந்த ரூட்டு? பஸ் ரூட்டா?"

"அது தெளிவா சொல்லலைங்கய்யா."

"அப்ப டிரைவரையும் கூட்டத்துல சேருங்க!"

என்ன தொலைநோக்கு! டிரைவர் வந்தார். "நான் போன ரூட்டுல எங்கயும் பாஸ்வேர்டு கேட்டதில்லைங்க," என்ற அவரது 'நிபுணர் கருத்து' ஒருமனதாக ஏற்கப்பட்டது.

மதியம் கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினீயரம்மா வந்து திரையைப் பார்த்தார். "பேக்கப் டிஸ்க் எங்க?"

போன் பதில் சொன்னது. "என்கிட்டதான் இருக்கு. பசங்க படம் பாக்க இங்க லாட்ஜ் டிவியில மாட்டியிருக்கேன். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

இந்த வழிகாட்டுதலுக்குக் கூட்டம் நன்றி தெரிவித்தது.

"அய்யோ, உங்க படம் முடியிற வரைக்கும் எம்பொண்ணு படிப்பு நிக்கணுமா?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார் அந்த அம்மா.

"டவர் இல்லீங்கய்யா," என்று போனை வைத்துவிட்டு, "நீங்க பாருங்க மேடம்," என்றேன்.

அவர், கம்பெனி வைத்திருந்த 'ரூட்' என்ற தலைமைப் பாஸ்வேர்டை அடித்து, ஒரு ஃபைலைத் திறந்து, ஒரு வரிக்கு முன்னால் # போட்டார். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்துகொண்டது.

"என்ன மேடம் பண்ணீங்க?"

"ஸ்டார்ட் ஆகும்போது யார் யார் வரணும்னு இதுல இருக்கு. வராததுக்கு முன்னால ஒரு ஹேஷ். இனிமே பேர் அப்படியே இருக்கும். ஆனா அதுக்காக மிஷின் காத்துக்கிட்டிருக்காது."

சூடு ஆறாத சான்றிதழோடு தையல்கார அம்மா ஓடினார். மாலையில் போன் செய்தார்: இடம் உறுதியாகிவிட்டது.

விடுப்பு முடிந்து, மீட்புப் பணிக்குத் 'தலைமை தாங்கிய' பெருமையோடு இயக்குநர் வந்தார். அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பெயர்ப் பலகையில், அவர் பெயருக்கு முன்னால், கொட்டையாக ஒரு #.

"யார் வேலைய்யா இது?"

"தெரியலீங்கய்யா," என்றேன், மை பட்ட விரலை மடக்கிக்கொண்டு. "ஆனா அதுலேருந்து ஆபீஸ் டாண்ணு ஸ்டார்ட் ஆகுதுங்கய்யா."