விமானக் கதவடியில் பெரட்டு

ஸ்பிரிங்வெளி, மேல் டிவிஷன் லயம்.

மதிப்புக்குரிய இளையதம்பி ஐயா அவர்களுக்கு, ஓய்வு பெற்ற கங்காணி மாடசாமி வணக்கத்துடன் சொல்ல, பக்கத்துக் காம்பரா தயானி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் முருகன் துணை.

பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருஷம், பால்மாவுக்குக் கடைக்காரன் முகத்தைப் பார்த்த வருஷம், எங்கள் லயத்துக் கூரைத் தகரம் காற்றில் பறந்த வருஷம், அந்த வருஷம்தான் நீங்கள் ஹாலிஎல தேயிலைக் கம்பனிக் கந்தோரிலிருந்து தேடி வந்து, "வெளிநாட்டுக் கண்காட்சியில கையால தேயிலைக் கொழுந்து கசக்கிக் காட்ட வேணும், வாறியளோ?" என்று கேட்டீர்கள். கைநாட்டுக்காரனுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தீர்கள். செத்தாலும் அந்த நன்றியை மறக்க மாட்டேன். ஆனால் இனிமேல் நான் வரவில்லை ஐயா.

பதினாறு தரம் துபாய். முதல் தரம் வாய் பிளந்து பார்த்தேன். ஆறாம் தரம் வாய் பிளந்தது கொட்டாவிக்கு. செருப்பைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று, குந்து, எழும்பு, மறுபடி குந்து. கூட வரும் உங்கள் கந்தோர்ப் பையன் ரஜீவோ காதில் வயரைச் செருகிக்கொண்டு தூங்கிவிடுவான். விடியக்காலைப் பெரட்டில் நாற்பத்தெட்டு ஆள் பேரைப் புத்தகமில்லாமல் கூப்பிட்டுக் கொழுந்து மலைக்கு வேலைக்கு அனுப்பியவன் நான். சும்மா இருக்க முடியுமா? காத்திருக்கும் சனங்களை எண்ணத் தொடங்கினேன். போன மாதம் திரும்பும்போது கதவடியில் ஒரு தலை குறைந்தது. கத்தரிப்பூ முக்காடு போட்ட அம்மா. குறுக்கே நின்றுவிட்டேன்.

"தாத்தா, இது என்ன பஸ்ஸா? மானத்த வாங்காதீங்க!" என்றான் ரஜீவ்.

"பஸ்ஸா இருந்தா கொண்டக்டர் எண்ணுவான்டா. ஆள் கொறையுது, ஒருத்தரயும் மலைக்கு விடமாட்டேன்!"

தேடிப் போனால், ஒரு தூணுக்குப் பின்னால் தூங்குகிறார். வெலிமடை றுஸைனா, இரண்டு வருஷம் வீட்டு வேலை செய்த களைப்பு. "ஐயா, நாளைக்கு எண்ட மகள்ட கலியாணம்" என்று கொழும்பு வரை என் கையை விடவில்லை. அதுவும் நீங்கள் தந்த புண்ணியம்.

மேலே ஏறிய பிறகு எண்ண ஆளில்லை. அதனால் ஐம்பது வருஷத்துக்கு முன்னே பஞ்சம் வந்தபோது பதுளை ஸ்டேஷனில் ரயிலேறி இந்தியா போய்க் கோத்தகிரியில் குடியேறிய என் வீட்டார் ஏழு பேரையும் மனசுக்குள் பெரட்டுக்குக் கூப்பிடுவேன். அவர்களுக்குக் கிடைத்தது இந்தியக் குடியுரிமைப் பத்திரம், எனக்கு இலங்கைப் பத்திரம். "கோத்தகிரி வந்தா சொல்லும்மா" என்று விமானப் பிள்ளையிடம் கேட்டேன். ஜூஸ் கொண்டுவந்தது. தங்கச்சி போனில் கேட்கிறாள்: "தலைக்கு மேல பதினாறு தரம் போயிருக்க, ஒரு தரம் எறங்க மாட்டியாண்ணே?" முழங்கால் வலியைத் தாங்கலாம், இதைத் தாங்க முடியவில்லை. ஆகவே மன்னிக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகுட்டிகளை மாரியம்மன் நோய்நொடியில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாடசாமி (கைநாட்டு)

பி.கு.: உறையை ஒட்டப்போன தயானி, நீங்கள் போன வாரம் அனுப்பிய காகிதத்தை இப்போதுதான் வாசித்தாள். எப்படியும் துபாய்தானே என்று நான் அலுமாரி மேல் போட்டுவைத்திருந்தேன். அடுத்த பயணம் கோயம்புத்தூராம்! ஐயா, மேலே எழுதியதெல்லாம் தயானியின் கைத்தவறு. முழங்கால் நன்றாக இருக்கிறது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. கண்காட்சி முடிந்ததும் ரஜீவ் என்னைக் கோத்தகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும். அந்த ஏழு பேரில் பெரட்டுக்கு "இருக்கேன்" என்று சொல்ல மிச்சமிருப்பது என் தங்கச்சி இராக்கம்மா மட்டும்தான்.