தோர்ஸ்தி பதில் தரவில்லை

திங்கட்கிழமை காலை எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஔலிஸ் மடிக்கணினியைத் திறந்தார். அது முனகியது, கண் விழித்தது, திரையின் நட்டநடுவில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது.

'தோர்ஸ்தி பதில் தரவில்லை. மீண்டும் முயலவா?'

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். வேண்டாம்.

ஔலிஸ் 'ஆம்' என்று தட்டினார். பெட்டி மறைந்தது. ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது.

'தோர்ஸ்தி பதில் தரவில்லை.'

"தெரியும்" என்றார் ஔலிஸ், யாருமில்லாத அறையில்.

போன செவ்வாய்க்கிழமைதான் அது முதன்முதலாக வந்தது. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார். அன்று மதியம் செய்தி வந்தது. காலையில் காபி போடப் போன தோர்ஸ்தி அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாராம்.

நகராட்சியின் சாலைப் பிரிவில் பத்தொன்பது வருடம் ஒரே அறை, எதிரெதிர் மேசை. எந்தப் பனி வாரும் வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. அத்தனை வருடத்தில் இருவரும் பேசியதை எழுதினால் ஒரு அஞ்சலட்டையில் இடம் மிச்சமிருக்கும். அதில் குறையில்லை. அந்த ஊரில் அதற்குப் பெயர்தான் நட்பு.

ஏழு வருடத்துக்கு முன் மார்ச்சில் ஔலிஸின் மனைவி ஹில்க்கா இறந்தாள். தோர்ஸ்தி எதிர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"காபி ஊத்தவா?"

துக்கம் விசாரித்தது அவ்வளவுதான்.

அதே வருடம் மே மாதம் தோர்ஸ்திக்கு ஓய்வு. கடைசி நாள் மேசையைத் துடைத்து முடித்துவிட்டுக் கையை நீட்டினார். "உன் கம்ப்யூட்டரைக் குடு. மெதுவா ஓடுது." அரை மணி நேரம் எதையோ தட்டினார். "இப்ப சரியா இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

போனவர் போனவர்தான். ஏழு வருடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு கிடையாது. அடக்கம் வருகிற சனிக்கிழமை. போவதில்லை என்று ஔலிஸ் முடிவு செய்திருந்தார். ஆனால் செத்த மனிதர் தினமும் காலையில் திரைக்கு வந்து நின்றால் எப்படிக் கோபமாகவே இருப்பது? எப்படியாவது இந்தப் பெட்டியை ஒழித்தாக வேண்டும்.

மாலைக்குள் நாற்பத்தொரு தடவை 'ஆம்' தட்டிப் பார்த்தார். பிறகு 'வேண்டாம்' தட்டினார். இப்போது இரண்டு பெட்டிகள் வந்தன.

கணினிப் பிரிவு சிர்க்காவைக் கூப்பிட்டார்.

சிர்க்கா பாதி தின்ற இலவங்கப்பட்டை ரொட்டியோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு கையால் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"இது யாரோ கைப்பட எழுதின புரோகிராம். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, மே மாசம் முப்பத்தொண்ணு. அன்னிக்கு இதை யார் தொட்டது?"

ஔலிஸ் எதிர் மேசையைப் பார்த்தார்.

"தோர்ஸ்தி. சரி பண்றேன்னு வாங்கினான். அப்பவே கெடுத்துட்டுப் போயிருக்கான்."

"ஏழு வருஷம் சும்மா இருந்துட்டு இப்பவா கெடும்?"

"அவன் எதையும் மெதுவாத்தான் செய்வான்."

சிர்க்கா சிரித்தாள். ஔலிஸ் சிரிக்கவில்லை.

"ஒரு போன் பண்ணலை, சிர்க்கா. முந்தின வருஷக் குளிர்ல மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தேன். பக்கத்து வீட்டு நீலோ, என்கிட்ட வணக்கம்கூடச் சொல்லாத ஆளு, அவனே தினமும் என் வாசல்ல பனியைத் தள்ளிட்டுப் போயிருக்கான். வியாழக்கிழமை, ஊர் வழக்கப்படி ஒரு பானை பட்டாணி சூப்பும் படியில இருந்துச்சு. எழுந்து நடமாடினதும் பானையைக் கழுவி, ஒரு பாட்டிலும் சேர்த்து எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. ரெண்டையும் வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திட்டான். ஆனா அவன் மனுஷன்."

சிர்க்கா ரொட்டியை மேசையில் வைத்தாள். "விடுங்க. உங்க அமைப்பை அலுவலகப் பெரிய கம்ப்யூட்டருக்கு ஏத்தி, அங்கே சுத்தம் பண்ணி, திரும்ப இறக்கிடறேன். காலைல பாருங்க."

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் பார்த்தார்கள். அலுவலகத்தின் இருபத்திமூன்று கணினிகளிலும் தோர்ஸ்தி பதில் தரவில்லை. வரவேற்பு மேசையில் தரவில்லை. சம்பளப் பிரிவில் தரவில்லை. பனி வாரும் வண்டிகளில் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே இருக்கும் குட்டித் திரைகளிலும் தரவில்லை.

வானொலி கரகரத்தது. நான்காம் வண்டி.

"ஔலிஸ், இங்கே தோர்ஸ்தி பதில் தரலைன்னு வருது. மீண்டும் முயலவான்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

"செத்துட்டான்னு சொல்லு."

"அந்தப் பொத்தான் இல்லையே."

ஔலிஸ் வானொலியை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு மேலாளர் யார்மோ வந்து கதவருகே நின்றார். அவருடைய திரையில் மட்டும் பதினாறு பெட்டிகளாம்.

"சிர்க்கா, அது என்ன ஏதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். வேரோட அழிச்சிடு."

"வேரோடன்னா ஔலிஸோட வண்டிப் பட்டியல், தெரு வரைபடம் எல்லாம் போயிடும்."

"ஔலிஸ், உனக்குப் பரவாயில்லையா?"

"அது போனா சரி" என்றார் ஔலிஸ்.

மற்றவர்களுடைய பெட்டிகளைச் சிர்க்கா அன்று மாலைக்குள் விரட்டிவிட்டாள். ஔலிஸின் கணினியைப் புதன்கிழமை மதியம் முழுக்கத் துடைத்தாள். திறந்து காட்டினாள். திரை, பனி பெய்த ஏரி மாதிரி வெறுமையாக இருந்தது.

"திருப்தியா?"

"ம்."

ஒரு நிமிடம் கழித்து ஔலிஸின் விரல் தானாக 'ஆம்' பொத்தான் இருந்த இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. விரலை மடக்கிக்கொண்டார்.

அன்றிரவு வானம் பிளந்துகொண்டது. வியாழன் காலை ஊரில் முழங்கால் பனி. வண்டிப் பட்டியல் இல்லை, வரைபடம் இல்லை. ஔலிஸ் ஐந்து மணிக்கே அலுவலகம் வந்து, ஒரு பழைய காகித வரைபடத்தை விரித்து, வானொலியில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் வண்டி கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு தடவை போய் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு யாருமே போகவில்லை. மடிக்கணினி மூடியபடியே கிடந்தது. சிர்க்கா பக்கத்தில் உட்கார்ந்து, தான் அழித்த பட்டியலை நினைவிலிருந்து எழுத உதவிக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்குக் கதவு படாரென்று திறந்தது.

எழுபது வயதுப் பெண்மணி. ஆண்கள் போடும் பெரிய மேலங்கி, புருவம் வரை பனி, கையில் பனி தள்ளும் மண்வாரி. ஔலிஸுக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. தோர்ஸ்தியின் மனைவி ஹெல்வி.

அவள் ஔலிஸை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மண்வாரியைச் சுவரில் சாய்த்தாள். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்" என்றார் ஔலிஸ் குழப்பமாக.

"அப்ப ஏம்பா சத்தம் வரலை?"

"என்ன சத்தம்?"

"எங்க அடுப்படி மேசையில ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. வேலை நாள்ல காலைல எட்டு மணிக்கு 'டிங்'னு அடிக்கும். இவர் ஒரு பொத்தானை அமுக்குவாரு. 'ஔலிஸ் எழுந்துட்டான்'னு சொல்லுவாரு. அப்புறம்தான் முதல் வாய் காபி. ஏழு வருஷமா இதே கூத்து. ஜூலைல நீ லீவுல போனா மனுஷனுக்குத் தூக்கம் கிடையாது."

சிர்க்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இவர் போனப்புறமும் அது அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. எனக்கு எந்தப் பொத்தான்னு தெரியலை. அவர் சொல்லிட்டுப் போகலை. திங்கட்கிழமை நீ நாற்பது தடவைக்கு மேல அடிச்சே. செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? பூனை அலமாரி மேல ஏறினது, இன்னும் இறங்கலை. ஆனாலும் சத்தம் கேட்டா ஒரு தெம்பு. அந்தப் பையன் எழுந்துட்டான்னு. இன்னிக்கு எட்டாச்சு, ஒன்பதாச்சு, ஒண்ணுமில்லை. உன் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் தட்டினேன், திறக்கலை. ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன்."

ஐம்பத்தெட்டு வயதுப் பையன் வாயைத் திறந்தார். மூடினார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அவன்."

"பண்ணி? என்னன்னு பேசுவாரு?"

ஔலிஸ் மூடிக் கிடந்த மடிக்கணினியின் மேல் கையை வைத்தார். தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"சிர்க்கா. அந்தக் கோளாறைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"பட்டியல் போயிடுச்சு, ஆனா அந்தப் புரோகிராமோட நகல் ஒண்ணு பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கணும்" என்றாள் சிர்க்கா. "பார்க்கறேன்."

ஔலிஸ் எழுந்து குடுவையை எடுத்தார். ஹெல்வியிடம் ஏதாவது சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கும், ஏழு வருடத்துக்கும், வருகிற சனிக்கிழமைக்கும் சேர்த்து. வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"காபி ஊத்தவா?"

"ஊத்து" என்றாள் ஹெல்வி, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "வாசல்ல பனியைத் தள்ளிட்டேன், இவர் தள்ளுற மாதிரி நேரா வரலை. வியாழக்கிழமையாச்சேன்னு படியில சூப்பு வெச்சிருக்கேன். போன தடவை மாதிரி பானையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட குடுத்துடாதே."