வெள்ளாற்றுப் பாலத்து விசில் மாமா

கடலூர் மாவட்டத்தில் ஓடுகிற பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்த மூன்று பேரால்தான் முடியும்: போலீஸ்காரர், பசுமாடு, விசில் மாமா. முதல் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் போன டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். விசில் மாமாவைத் தாண்டிப் போகிற டிரைவர் இன்னும் பிறக்கவில்லை.

தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். வேலையை விட்டபோது பையைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைக் கொடுக்கவில்லை. தினமும் காலையில் புவனகிரி வெள்ளாற்றுப் பாலத்தில் வந்து நின்றுகொள்வார். ஜன்னல் வழியாக யாராவது குப்பையை ஆற்றில் வீசினால் ஒரே ஒரு விசில். டிரைவரின் கால் அவரைக் கேட்காமலேயே பிரேக்கில் ஏறிவிடும்.

நானும் மாட்டியிருக்கிறேன். சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் பஸ்ஸிலேயே இட்லி தின்றுவிட்டுப் பொட்டலத்தை வீசினேன். விசில். பஸ் நின்றது. மாமா ஏறினார்.

"யாரு மாப்ள அது, இட்லி?"

பஸ்ஸே என் பக்கம் திரும்பியது.

"வெறும் எலதான் மாமா..."

"எலைக்கு மேல சுத்துன பிளாஸ்டிக்கு யாரு, ஒன் மச்சானா? எறங்கிப் போயி எடுத்துட்டு வா. பஸ்ஸு நிக்கும்."

நின்றது. நான் பொறுக்கிக்கொண்டு வந்த பிறகுதான் 'போகலாம்' என்று இரண்டு விசில் கொடுத்தார். அந்த அவமானம் தாங்காமல் அடுத்த ஞாயிறே அவருடைய கோஷ்டியில் சேர்ந்தேன்.

மொத்தம் எட்டுப் பேர். கரையைச் சுத்தம் செய்து நாவலும் புங்கனும் நட்டோம். மாமா அதையும் பஸ்ஸாகத்தான் நடத்தினார். "முன்னாடி எவ்ளோ எடம் இருக்கு, எல்லாம் வழியிலயே நின்னா எப்புடி? உள்ள போ, உள்ள போ!" ஆற்றில் சாக்கடை கலக்கிறது என்று மனு கொடுக்கக் கடலூர் போனபோது, சாப்பாட்டுக்குக் கிளம்பிய அதிகாரியைப் பார்த்து விசிலடித்தார். மனிதர் தூக்கிய காலோடு அப்படியே நின்றார். மனுவையும் நின்றபடியே வாங்கிக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருமுறை வாயடைத்துப் போனார். முகூர்த்த நாளானால் எங்கள் கன்றுகள் மேல் ஒரு டிராக்டர் எச்சில் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் கொட்டிக் கிடக்கும். ஒரு கல்யாண மண்டபத்துக் குப்பை. மண்டபத்துக்காரர் வேறு யாருமில்லை, மாமாவின் சம்பந்தி! மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நான் விசிலு ஊதிட்டுப் போயிடுவேன் மாப்ள. அந்த வூட்ல எம்பொண்ணுதான பேச்சு வாங்கணும்?" என்றார். விசில் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அடுத்த முகூர்த்தத்தன்று கரையில் நின்றுகொண்டிருந்தோம். மாமாவுக்குப் போன் வந்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, எங்க மாமனாரு டிராக்டரு இப்பதான் கெளம்புது. எங்க இருக்க நீ?"

"ஆத்தங்கரையாண்டதாம்மா. ஏம்மா, ஒனக்கு அங்க ஏதாவது..."

"என்னைய நான் பாத்துக்கிறேன். நீ ஆத்தப் பாருப்பா!"

மாமா போனைப் பையில் போட்டார். பிறகு விசிலை வெளியே எடுத்தார்.

டிராக்டர் கரையில் ரிவர்ஸ் வந்தது. ஓட்டியவர் ஒரு காலத்து பஸ் டிரைவர். ஒரு விசில், சடாரென்று பிரேக். மாமா மூச்சை இழுத்து இரண்டு விசில் கொடுத்தார். அவ்வளவுதான், பழக்க தோஷம்! கியரைப் போட்டு, முழுக் குப்பையோடு முன்னால் கிளம்பியவர் மண்டபத்து வாசலில்தான் சுயநினைவுக்கு வந்தாராம். அங்கே சம்பந்தி விருந்தாளிகளைக் கும்பிட்டு வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி வீட்டில் நாலு நாள் ரகளை. மாமாவின் மகள் அசையவில்லை. மண்டபத்துக்குப் பின்னாலேயே குழி வெட்டவைத்து, இலையை உரமாக்கிவிட்டாள். குப்பை டிராக்டர் அப்புறம் கரைப் பக்கம் வரவில்லை. சம்பந்தி மட்டும் மாமாவோடு இன்றுவரை பேசுவதில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அவளும் கரைக்கு வருகிறாள். அவள் மண்வெட்டி பிடிப்பதை மாமா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். பாலத்திலிருந்து எவன் எதை வீசினாலும் அவர் கண்ணில் படாது. நாங்களும் அவரைக் கூப்பிடுவதில்லை, சத்தம் போடாமல் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.