கண்ணாடிக் கதவும் ஹாக்கி மட்டையும்

ரெய்னோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உயிரே போனாலும் முதலில் போன் செய்யப்போவது தான் இல்லை. போனவள் அவர் மனைவி ஹெல்வி. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று கனடாவின் தண்டர் பே ஊரிலிருந்து சட்பரிக்குப் பஸ் ஏறியவள், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றதோடு சரி. 'வந்துடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள்தான். ஆனால் அந்த வார்த்தையை ரெய்னோ வம்சத்தில் எந்த ஆணும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அவருடைய அப்பா பெண் கேட்கப் போன இடத்தில், நாளைக்கு மழை வருமா என்று விசாரித்துவிட்டுத் திரும்பியவர். மறுவாரம் அம்மாவே வந்து கேட்டுத்தான் கல்யாணம் நடந்தது.

முடிவு என்னவோ உறுதிதான். வீடுதான் ஒத்துழைக்கவில்லை. தினமும் காலையில் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டு ஒரு கோப்பையைக் கொட்டினார். ஏலக்காய் ரொட்டியின் கடைசித் துண்டு கல்லாகிவிட்டது. அவள் பிசைந்த மாவாயிற்றே, தூக்கிப்போட மனசு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனிதர் ஏங்கிப்போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவு கைகொடுத்தது. தோட்டத்துச் சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியல் அறைக்கு, போகிற வழி அது. பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. கைப்பிடியில் இருக்கும் விசையைக் கீழே இறக்கினால், கொக்கி வெளியே வந்து சட்டத்திலுள்ள தகட்டில் மாட்ட வேண்டும். மாட்டவில்லை. தகட்டில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். தகடு சாய்ந்து தொங்கியது. கொக்கி காற்றைப் பிடித்தது. பூட்டுகளைச் சரிபார்ப்பது ஹெல்வி இலாகா என்பதால் இத்தனை நாள் அவர் கவனிக்கவே இல்லை.

ரெய்னோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படுக்கப்போகுமுன் ஒவ்வொரு கதவையும் ஆட்டிப் பார்க்கிறவள் ஹெல்வி. வீடு திறந்து கிடக்கிறது என்றால் அடுத்த பஸ்ஸில் வந்து குதிப்பாள். இது ஏக்கத்தில் செய்கிற போன் ஆகாது. பராமரிப்பு சம்பந்தப்பட்ட போன். கௌரவத்துக்குப் பங்கமில்லை.

"ஹெல்வி, பின்கதவு பூட்ட மாட்டேங்குது."

"நான் நல்லாயிருக்கேன் ரெய்னோ. அக்காவுக்கும் தேவலை. கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்."

"கதவைப் பத்திச் சொல்லிட்டிருக்கேன்."

"வெட்டி வச்ச பழைய ஹாக்கி மட்டை இருக்கில்ல? கதவு ஓடுற பள்ளத்துல அதைப் படுக்கப் போடு. கதவு நகராது."

"திருடன் வந்தா?"

"நம்ம வீட்டுக்கா? உன் ஸ்வெட்டரைப் பாத்துட்டு அவனே ஏதாவது குடுத்துட்டுப் போவான்."

திட்டம் புஸ்ஸென்று போயிற்று. மறுநாள் மறுபடியும் கூப்பிட்டார்.

"தகட்டுல ஒரு ஸ்க்ரூவைக் காணோம்."

"கடையில வாங்கு."

"அளவு தெரியாதே."

"இன்னொன்னைக் கழட்டிட்டுப் போய்க் காட்டு."

"கழட்டினா தகடு விழுந்துடுமே."

"விழுந்தா எடு. ஏன்யா, காகித ஆலையில காலமெல்லாம் மிஷின் ரிப்பேர் பண்ணின ஆளா நீ?"

"கண்ணு முன்ன மாதிரி இல்ல ஹெல்வி. நீ பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சா..."

"பிடிச்சா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வெளிச்சமா இருக்கும்," என்றார் ரெய்னோ.

"மேஜை விளக்கு இருக்கு," என்று போனை வைத்துவிட்டாள் ஹெல்வி.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் சவுனா. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை, "போதும் தாயே!" என்று அலறுவது இவர் வேலை. போன சனிக்கிழமை மனசில்லாமல் விட்டுவிட்டார். இந்தச் சனிக்கிழமை வீம்புக்கு அடுப்பை மூட்டினார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பள்ளத்தில் கிடந்த மட்டையைத் தூக்கி உள்பக்கமாகக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தார். அவள் மேலிருந்த கோபத்தையெல்லாம் கதவின் மேல் காட்டினார். படார்!

சவுனாவுக்குள் உட்கார்ந்து கல்லில் தண்ணீர் ஊற்றினார். பழக்கதோஷத்தில் "போதும் தாயே" என்றும் சொன்னார். பக்கத்தில் அவள் உட்காரும் பலகை காய்ந்து கிடந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீராவி மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், இவர் கதவை அடித்துச் சாத்திய வேகத்தில் மட்டை சரிந்து, பள்ளத்தில் ஒழுங்காகப் படுத்திருந்தது. முன்கதவும் பூட்டியாயிற்று, சாவி உள்ளே. காலடியில் பனி. மீசை அதற்குள் விறைத்துவிட்டது. செத்தோம் என்று நினைத்தபோது சமையலறை விளக்கு எரிந்தது.

ஹெல்வி! கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கையில் பெட்டி. தன் சாவியைப் போட்டு முன்பக்கமாக வந்திருக்கிறாள். கண்ணாடிக்கு அருகே வந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். மட்டையைத் தொடவில்லை.

"ஹெல்வி! திற!"

"பூட்ட மாட்டேங்குதுன்னே?"

"குளிருது தாயே!"

"போன் பண்ணினதெல்லாம் கதவுக்காகத்தானா?"

"உள்ள வந்து சொல்றேனே!"

"உள்ள வந்தா காப்பி இருக்கான்னு கேப்பே. அங்கேயே சொல்லு."

ரெய்னோ துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லாம... வீடு நல்லால்ல."

"வீட்டுக்கா, உனக்கா?"

"எனக்குத்தான்! ஏங்கிப்போயிட்டேன்! வந்துடு! போதுமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பனியை வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆர்வோவின் மண்வாரி நின்றது. "எனக்கும் கேட்டுச்சு ரெய்னோ," என்றார் அவர் மரியாதையாக.

மட்டை எழுந்தது. கதவு திறந்தது. ஹெல்வி தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டு, மீசையிலிருந்த ஐஸைத் தட்டிவிட்டாள். "அக்கா போன வாரமே நடக்க ஆரம்பிச்சுட்டா. நான்தான் போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், மண்டு," என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இரண்டு கோப்பைக் காப்பியும் அன்றைக்குக் காலியாயின. பிறகு அவள் கைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்தாள். ரெய்னோ டார்ச் பிடித்தார். தகடு நிமிர்ந்தது. விசையை இறக்கியதும் கொக்கி 'க்ளிக்'கென்று மாட்டிக்கொண்டது.

"அடேங்கப்பா, அச்சு அசலா அதே அளவு! சட்பரியில எந்தக் கடை?"

"கடையா? ஊருக்குப் போறப்போ நான்தானே கழட்டி எடுத்துட்டுப் போனேன். இல்லாட்டி நீ எங்கே போன் பண்ணப்போறே!"